மதபரீக்ஷை விவாதம்: தருக்கமும் கலைச்சொல்லும்

1. முன்னுரை

ஒரு சமயத்தின் உண்மையை அச்சமயத்தாரின் நம்பிக்கையை மட்டும் சார்ந்து உரைக்காமல், மாற்றாரும் ஏற்கத்தக்க அளவைகளைக் கொண்டு நிறுவ முயல்வது தொன்மையான வழக்கமாகும். கிறித்தவ மரபில் இம்முயற்சி இரண்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. உரோமைப் பேரரசில் வாழ்ந்த ஜஸ்டின், கிரேக்க மெய்யியலின் சொற்களாலேயே தம் சமயத்திற்குக் காப்புரை எழுதினார். தமிழ் மரபில் மணிமேகலையின் சமயக் கணக்கர் காதை, நீலகேசி, சிவஞான சித்தியாரின் பரபக்கம் ஆகியன இவ்வகை வாதத்தின் இயல்பை நமக்கு நன்கு உணர்த்துவன. பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்துப் பின்னர் மறுத்துத் தன் கொள்கையை நிலைநாட்டும் முறையே இவை அனைத்திலும் காணப்படுவது.

இவ்வாதம் ஒரே மொழிச் சூழலுக்குள் நிகழும்போது இரு தரப்பாரும் சொற்களின் பொருளைப் பெரும்பாலும் பொதுவாகக் கொண்டிருப்பர். பிறிதொரு மொழியில் வளர்ந்த வாதத்தைப் புதிய மொழியொன்றில் நடத்த முற்படும்போதோ சிக்கல் எழுகின்றது. கதையிலும் பாட்டிலும் ஒரு சொல் சற்று வழுவினால் சுவை குன்றும். தருக்கத்தில் ஒரு சொல் வழுவினால் முடிபே மாறிவிடும்.

இந்நிலையை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைவது, 1839 முதல் 1845 வரை வட இந்தியாவில் வடமொழியிலேயே நடைபெற்ற மதபரீக்ஷை விவாதமாகும். ஸ்காட்லாந்தினரான ஜான் மியூர் கிறித்தவத்தை அறிவுவழி நிறுவுவதற்கு வடமொழிச் செய்யுளில் ஒரு நூல் இயற்றினார். அதற்கு இந்துப் பண்டிதர் மூவர் வடமொழியிலேயே மறுப்பு எழுதினர். அவருள் ஒருவர் சில ஆண்டுகளில் கிறித்தவரானார். இவ்விவாதத்தின் சமய வரலாற்றை ரிச்சர்டு ஃபாக்ஸ் யங் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விரிவாக எடுத்துரைத்துள்ளார். அவ்விவாதத்தின் கலைச்சொற்கள் வாதத்தின் போக்கை எவ்வாறு நெறிப்படுத்தின என்பதை மொழிபெயர்ப்பியல் நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். எச்சமயம் வென்றது என்பது ஈண்டு வினா அன்று.

2. களம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செராம்பூரைச் சேர்ந்த வில்லியம் கேரி விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை வடமொழியில் பெயர்த்து 1808இல் வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து, இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான கிறித்தவக் கலைச்சொற்கள் தேவை என்னும் எண்ணம் வலுப்பெற்றது. கல்கத்தா பிஷப் கல்லூரியின் முதல் முதல்வரான வில்லியம் ஹாட்ஜ் மில், 1828இல் இறையியல் கலைச்சொற்களுக்கான வடமொழி முன்மொழிவுத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். வடமொழியறிஞர் ஹோரஸ் ஹேமன் வில்சன் அதன்மீது தம் குறிப்புகளை எழுதினார். இன்று கலைச்சொல்லாக்கக் குழுக்கள் மேற்கொள்ளும் பணியை ஒத்த ஒரு பணி, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அச்சில் நடைபெற்றது என்பது கலைச்சொல்லியலார் கருதத்தக்கது. பின்னர் மில், இயேசுவின் வரலாற்றைக் கிறிஸ்து சங்கீதை என்னும் பெயரில் வடமொழிச் செய்யுளில் இயற்றினார். அதன் பகுதிகள் 1831 முதல் வெளிவந்தன.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜோசப் போடன் என்பார் விட்டுச்சென்ற பொருளால் வடமொழிப் பேராசிரியர் பதவி ஒன்று நிறுவப்பட்டது. இந்தியரைக் கிறித்தவராக்கும் முயற்சிக்கு வடமொழியறிவு துணைசெய்யும் என்பதே அவர் கருத்து. 1832இல் நடந்த தேர்தலில் மில்லும் வில்சனும் போட்டியிட்டனர்; சில வாக்குகள் வேறுபாட்டில் வில்சன் வென்றார். ஆக, அக்காலத்து ஐரோப்பியரின் வடமொழிக் கல்வியும் சமயக் காப்புரையும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. மியூரின் நூலை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

வடமொழியைத் தெரிந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அன்றாட மொழிகளில் எழுதப்பட்ட சிறு வெளியீடுகளைப் பண்டிதர்கள் பொருட்படுத்துவதில்லை. தருக்க நூல்களின் மொழியில், செய்யுள் யாப்பில், ஆசிரியர் மாணாக்கர் உரையாடலாக எழுதப்பட்டால் அதற்கு விடையிறுக்க வேண்டிய கடப்பாடு அவர்க்கு ஏற்படும். மொழித் தேர்வே இங்கு ஓர் அறைகூவலாக அமைந்தது.

3. மியூரின் நூல்

ஜான் மியூர் (1810–1882) கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளக் குடிமைப் பணியில் இருந்தவர். அவரது மதபரீக்ஷா 1839இல் கல்கத்தாவில் வெளிவந்தது. 1840இலும், பின்னர் மிக விரிந்த வடிவில் 1852–54இலும் மீண்டும் வெளியிடப்பட்டது. மெய்ச்சமயத்தை அறிவது எவ்வாறு என மாணாக்கன் வினவ, ஆசிரியர் விடை பகரும் முறையில் அது அமைந்துள்ளது.

மெய்யான திருநூலை அறிந்துகொள்ள மியூர் முன்வைக்கும் அடையாளங்கள் மூன்று. அச்சமயத்தை நிறுவியவர் அற்புதங்கள் நிகழ்த்தும் ஆற்றலுடையவராக இருத்தல் வேண்டும். அத்திருநூல் தூய்மை உடையதாதல் வேண்டும். அது மாந்தர் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும். இவ்வடையாளங்களைக் கிறித்தவத் திருநூல் நிறைவு செய்கின்றது, இந்து நூல்கள் நிறைவு செய்யவில்லை என்பது அவரது முடிபு. இங்கிலாந்தில் வில்லியம் பேலி 1794இல் எழுதிய கிறித்தவச் சான்றுகள் பற்றிய நூலுக்குப்பின் பெருவழக்காயிருந்த சான்றுநெறியின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகின்றது. கண்டோர் கூற்றால் அற்புதம் மெய்ப்படும். அற்புதத்தால் நிறுவியவர் மெய்ப்படுவார். நிறுவியவரால் நூல் மெய்ப்படும் என்பது அந்நெறியின் வரிசை.

இவ்வரிசையை வடமொழிக்குக் கொண்டு சென்றபோது முதற்படியிலேயே ஒரு தடை எழுகின்றது. உரையளவையைப் பற்றி இந்தியத் தருக்க மரபில் ஒருமித்த கருத்து இல்லை. நியாய நூலார் கொள்கையில், நம்பத்தக்கவனாகிய ஆப்தனின் சொல்லே உரையளவை. வேதமும் இறைவனின் சொல்லாதலாலேயே அளவையாகும். இவர்களிடம், நிறுவியவரின் தகுதியைக் கொண்டு நூலை நிறுவும் வாதம் பொருள்படும். மீமாஞ்சகர் கொள்கையோ இதற்கு நேர்மாறானது. அவர் கருத்தில் வேதம் எவராலும் செய்யப்படாதது. ஆகவேதான் அதில் குற்றம் இல்லை. செய்தவன் ஒருவன் உளனெனில் அவனது அறியாமையோ மறதியோ வஞ்சகமோ நூலுள் புகுதல் கூடும். எனவே நிறுவியவர் ஒருவரைச் சுட்டுவது, மியூர் நோக்கில் நூலின் பெருமை. மீமாஞ்சகர் நோக்கில் அதுவே நூலின் குறை. இருவரும் அளவை என்னும் ஒரே சொல்லை ஆள்கின்றனர். ஆயினும் அவரவர் கையிலுள்ள துலாக்கோல் வேறு.

4. தலைப்புச் சொற்கள்

நூலின் பெயரிலுள்ள இரு சொற்களும் தனித்து ஆராயத்தக்கன. மதம் என்னும் வடசொல் எண்ணுதல் எனப் பொருள்படும் வேரடியாகப் பிறந்தது. எண்ணப்பட்டது, கருதப்பட்டது என்பதே அதன் அடிப்படைப் பொருள். தமிழில் நன்னூலார் நூலுக்குரிய எழுவகை மதங்களைக் கூறுமிடத்து இச்சொல் கொள்கை என்னும் பொருளிலேயே வழங்குகின்றது. உடன்படுதல், மறுத்தல், பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல், பிறர் நூலின் குற்றம் காட்டல் முதலியவை அவ்வேழனுள் அடங்கும். இங்குச் சமயம் என்னும் நிறுவனப் பொருள் இல்லை. ஒருவர் தம் மதத்தை மாற்றிக்கொண்டார் என நன்னூல் வழக்கில் கூறின், அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்றே பொருள்படும்.

மியூரின் வழக்கில் இச்சொல் ஒரு மக்கட் கூட்டத்தின் முழுச் சமய வாழ்வையும், அதன் திருநூலையும், வழிபாட்டையும் ஒருங்கே குறிக்கும் சொல்லாக நிற்கின்றது. பல மதங்களை ஒரே வரிசையில் நிறுத்தி, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம் என்னும் எண்ணத்திற்கு இப்பொருள் விரிவு இன்றியமையாதது. கருத்தாகக் கொள்ளப்பட்டது எதுவும் ஆய்வுக்குரியது. பிறப்பினால் வந்த கடமையாகக் கொள்ளப்பட்டது அவ்வாறன்று. தர்மம் என்னும் சொல்லைத் தலைப்பில் இட்டிருந்தால் இவ்வாய்வு தொடங்குவதே அரிதாகியிருக்கும். மதம் என்னும் சொற்றேர்விலேயே மியூரின் முதல் முற்கோள் அடங்கியுள்ளது எனலாம்.

பரீக்ஷை என்னும் சொல்லும் பொதுச்சொல் அன்று. நியாய சூத்திரத்திற்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், நூல் செல்லும் நெறியை மூன்றாகப் பகுப்பார்: பொருளைப் பெயர் சுட்டிக் கூறுவது உத்தேசம், அதன் இலக்கணத்தை வரையறுப்பது இலக்கணம், அவ்விலக்கணம் பொருந்துமா என அளவைகளால் ஆராய்வது பரீக்ஷை. இம்மூன்றாம் படியின் பெயரையே மியூர் தம் நூலுக்குச் சூட்டினார். ஆனால் மரபுப்படி பரீக்ஷைக்கு முன்னர் இலக்கணம் இரு தரப்பாலும் ஏற்கப்பட்டிருத்தல் வேண்டும். மியூர் தாமே இலக்கணத்தை வகுத்துத் தாமே பரீக்ஷையும் செய்கின்றார். மறுப்பு நூல்கள் பெரிதும் அவரது பரீக்ஷையை விடுத்து, இலக்கணத்தையே தாக்கியதன் காரணம் இதுவாகும்.

5. மறுப்பு நூல்கள் மூன்று

முதல் மறுப்பு மதபரீக்ஷா சிக்ஷா என்பது. 1839இலேயே சோமநாதர் என்னும் பெயரில் எழுதப்பட்டது. இப்பெயரில் எழுதியவர் சுபாஜி பாபு என்பது ஆய்வாளர் முடிபு. இவர் போபாலை அடுத்த சிஹோரில் ஆங்கில அலுவலர் லான்சலட் வில்கின்சனுடன் பணியாற்றியவர். கோப்பர்னிக்கஸின் வானியல் கொள்கையை ஏற்று அதனை மராத்தியர்க்கு விளக்கியவர். வானியலில் புராணக் கொள்கையைக் கைவிடத் தயங்காத ஒருவர் சமயத்தில் மியூரின் வாதத்தை ஏற்கவில்லை என்பது நோக்கத்தக்கது. அறிவுநெறியை மறுத்ததால் அவர் இந்நிலையை மேற்கொண்டார் எனக் கூற இயலாது. அறிவுநெறி செல்லும் எல்லை எது என்பதிலேயே அவர் வேறுபட்டார்.

சோமநாதரின் விடை அதிகாரம் என்னும் சொல்லைச் சார்ந்து நிற்கின்றது. தமிழ் வழக்கில் இச்சொல் ஆட்சியுரிமையையோ நூலின் உட்பிரிவையோ குறிக்கும். வடமொழி மெய்யியல் வழக்கில் அது ஒரு நூலையோ நெறியையோ மேற்கொள்வதற்குரிய தகுதியைக் குறிக்கும். சைவ சித்தாந்தத்தார் பக்குவம் என்பது இதனோடு உறவுடையது. மாந்தர் பல்வேறு தகுதியினர். ஆதலின் இறைவன் அவரவர்க்கு ஏற்ற நெறிகளைப் பலவாக வகுத்தான். தனக்குரிய நெறியை விடுத்துப் பிறர் நெறியைப் பற்றுதல் பிழை என்பது அவர் கருத்து. இதனை ஏற்பின் மியூரின் மூன்றாம் அடையாளமாகிய பொதுமை தன் வலிமையை இழக்கின்றது. எல்லா நோயாளர்க்கும் ஒரே மருந்து தரும் மருத்துவனைச் சிறந்தவன் எனக் கொள்ளுதல் இயலாது அன்றோ? மியூருக்குப் பொதுமை நீதியின் அடையாளம்; வேதத்தைச் சிலர்க்கு மறுப்பதை அவர் குறையாகக் காண்பது இதனால்தான். சோமநாதருக்கோ வேறுபாடே அருளின் அடையாளம். இரண்டினுக்கும் இடையே பாலமாகும் சொல் அவ்விவாதத்தில் எழவில்லை.

இரண்டாம் மறுப்பு, வங்காளப் பண்டிதர் ஹரசந்திர தர்க்கபஞ்சானனர் 1840இல் வெளியிட்ட மதபரீக்ஷோத்தரம். சோமநாதரின் நூலோடு ஒப்பிடுகையில் இதன் நடை கடுமையானது. அற்புதங்களைச் சான்றாகக் கொள்ளும் நெறிக்கு எதிராக எழக்கூடிய எளிய வினா ஒன்று உண்டு. புராண இதிகாசங்களிலும் அற்புதங்களுக்குக் குறைவில்லை. அவற்றைப் பொய்யெனத் தள்ளி இவற்றை மட்டும் மெய்யெனக் கொள்வதற்குரிய அளவை யாது? கண்டோர் கூற்று, எழுத்தின் தொன்மை, காலக் கணிப்பு எனப் பேலியின் மரபினர் கூறும் விடைகள் வரலாற்று ஆய்வுக்கு உரியவை. நால்வகை அளவைகளுள் அவற்றிற்குத் தனி இடமோ தனிப் பெயரோ இல்லை. வரலாற்றுச் சான்று என்னும் கருத்தையே முதலில் வடமொழியில் உருவாக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் மறுப்பே மிக விரிவானது. காசியில் வாழ்ந்த நீலகண்ட கோரே (1825–1895) ஏறத்தாழ இருபது வயதில், 1844–45இல், சாஸ்திர தத்துவ விநிர்ணயம் என்னும் நூலை இயற்றினார். நூலறிவில் நிலைத்த சிரத்தையே முதன்மையானது, தருக்கம் அதற்குப் பின் நின்று துணைசெய்வது என்பது அவரது அடிப்படை நிலைப்பாடு. ஆயினும் மியூரின் சமயத்தை அவர் தருக்கத்தாலேயே சோதிக்கின்றார். முற்பிறவி இல்லையெனில், பிறவியிலேயே ஒருவர் துன்புறுவதும் மற்றொருவர் இன்புறுவதும் எவ்வாறு? பாவமே செய்ய இயலாத விலங்குகள் துன்புறுவது ஏன்? சிறிது காலம் செய்த பாவத்திற்கு முடிவில்லாத் தண்டனை முறையாகுமா? இவையே அவர் எழுப்பிய முதன்மையான வினாக்கள்.

இவ்வினாக்களின் அமைப்பு இந்தியத் தருக்க மரபுக்கே உரியது. செய்த வினை பயன் தராது அழிதல், செய்யாத வினையின் பயன் வந்தடைதல் ஆகிய இரண்டையும் கிருதநாசம், அகிருதாப்பியாகமம் எனக் குற்றங்களாகக் கூறுவது அம்மரபு. இறைவனுக்கு ஓரவஞ்சனையும் கொடுமையும் உண்டாகுமோ என்னும் ஐயத்தை எழுப்பி, உயிர்களின் வினையை நோக்கியே அவன் படைக்கின்றான் எனப் பிரம்ம சூத்திரம் (2.1.34) விடை கூறுகின்றது. பாவம் என்னும் சொல் இவ்வமைப்பினுள் ஓர் உறுப்பு. செய்தவனைப் பற்றுவதும், நுகர்ந்தால் தீர்வதும் அதன் இயல்பு. கிறித்தவ இறையியலில் இதற்கு நேராக ஆளப்படும் கருத்தோ, இறைவனிடமிருந்து மனிதன் விலகி நிற்கும் நிலையைக் குறிப்பது; அது நுகர்ந்து தீர்வதன்று, மன்னிப்பால் தீர்வது; முதல் மனிதன் வழியாக அனைவரையும் பற்றுவது. பாவம் என்னும் சொல்லைத் தம் நூலில் ஆண்ட கணமே, நீலகண்டரின் வினாக்களுக்கு மியூர் வாயில் திறந்துவிட்டார். அச்சொல்லை விலக்கவும் இயலாது. விலக்கினால் பேச வேறு சொல் இல்லை.

6. குயவனும் களிமண்ணும்

அறிவுவழிக் காப்புரையில் பெரிதும் ஆளப்படுவது, உலகாகிய காரியத்திலிருந்து அதனைச் செய்தவனை உய்த்துணரும் வாதம். இது ஐரோப்பியர் மட்டும் அறிந்த வாதமன்று. உதயணர் தம் நியாய குசுமாஞ்சலியில் இதனை நுட்பமாக வளர்த்துள்ளார். குடம் காரியமாதலின் அதற்குக் குயவன் இருத்தல் போல, உலகும் காரியமாதலின் அதற்கும் செய்தவன் ஒருவன் உளன் என்பது அதன் வடிவம். சைவ சித்தாந்தத்திலும் இவ்வுவமை தமிழர்க்குப் பழக்கமானதே. மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம்.

கிறித்தவக் காப்புரையாளர் இவ்வாதத்தை எளிதில் தமதாக்கிக் கொள்ளலாம் எனத் தோன்றும். ஆனால் உவமையோடு சேர்ந்து மண்ணும் வந்துவிடுகின்றது. நிமித்த காரணன் ஒருவன் உளன் என நிறுவப்பட்ட அளவில், அவன் தொழிற்படுவதற்குரிய முதற்காரணமும் உடன் நிறுவப்படுகின்றது. நியாய நூலார்க்கு அது அணுக்கள், சைவர்க்கு மாயை. இரண்டும் தோற்றமில்லாதவை. கிறித்தவக் கொள்கையிலோ இறைவன் இல்லாமையிலிருந்தே உலகை உண்டாக்கினான். இல்லது தோன்றாது என்பதைச் சாங்கியரும் சைவரும் தம் சற்காரிய வாதத்தின் அடிப்படையாகக் கொள்வர். காரியம் முன்னர் இல்லாது பின் தோன்றும் எனக் கூறும் நியாய நூலாரும் முதற்காரணம் இல்லாத தோற்றத்தை ஏற்பதில்லை.

சிருஷ்டி என்னும் சொல்லும் இங்கு உதவுவதில்லை. விடுத்தல், வெளிப்படுத்தல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது அது. உள்ளிருப்பது வெளிப்படுதல் என்னும் எண்ணம் அதன் அடியில் உள்ளது. ஒடுக்கத்திற்குப்பின் மீண்டும் மீண்டும் நிகழ்வது என்னும் எண்ணமும் அதனைச் சூழ்ந்துள்ளது. ஒருமுறை மட்டும், எதுவுமின்றி, உண்டாக்குதல் என்னும் பொருளை அச்சொல்லில் ஏற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் விளக்கவுரை தேவைப்படும். தமிழில் படைத்தல் என்னும் வினைக்கு இத்தகைய சுமை சற்றுக் குறைவு எனினும், படைப்பு, காப்பு, அழிப்பு என்னும் தொடர்வரிசையிலிருந்து அதனைப் பிரிப்பது எளிதன்று.

திரவியம் என்னும் சொல்லும் இத்தகையதே. சடப்பொருளைக் குறிக்க இதனை ஆண்டால், நியாய வைசேடிகரின் ஒன்பது திரவியங்களுள் ஆன்மாவும் காலமும் திசையும் மனமும் அடங்கியிருப்பதை மறந்தவராவோம். ஒரு சொல்லின் பொருளை அகராதி தருகின்றது. அதன் இனத்தையோ அது நிற்கும் பகுப்புமுறையே தருகின்றது.

7. பாலன்டைனின் அணுகுமுறை

இவ்விடர்ப்பாட்டை முறையாக உணர்ந்தவர் ஜேம்ஸ் ராபர்ட் பாலன்டைன். 1846 முதல் 1861 வரை காசி வடமொழிக் கல்லூரியின் தலைமையில் இருந்த இவர், ஐரோப்பிய அறிவுத்துறைகளை வடமொழியில் கொண்டுவரப் பெரிதும் முயன்றவர். பேக்கனின் நோவும் ஆர்கனும் என்னும் நூலுக்கு வடமொழி விளக்கம் இவர் காலத்தில் கல்லூரிப் பண்டிதரால் ஆக்கப்பட்டு 1852இல் வெளிவந்தது. 1859இல் கிறித்தவத்தை இந்து மெய்யியலோடு வைத்து நோக்கும் நூலொன்றை வடமொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். அடுத்த ஆண்டு, தொடக்க நூலின் முதல் மூன்று இயல்களுக்குப் பண்டிதர்களை முன்னிறுத்தி இருமொழி உரை ஒன்றும் வெளியிட்டார்.

வானும் பூமியும் படைக்கப்பட்டன என்னும் செய்தியை வடமொழியில் கூறுவதாகக் கொள்வோம். வானத்திற்கு ஆகாசம் என்றும் பூமிக்குப் பிருதிவி என்றும் இடுவது மொழிபெயர்ப்பாளர்க்கு இயல்பாகத் தோன்றும். தருக்கம் பயின்ற பண்டிதரின் செவியிலோ இவை ஐம்பூதங்களுள் இரண்டின் பெயர்கள். எனவே நீர், தீ, வளி ஆகியன எங்கே என்னும் வினா உடன் எழும். அடுத்து நீர் என்னும் சொல் வரும்போது, அது படைக்கப்படாமல் முன்னரே இருந்தது போலும் என்னும் கருத்து உண்டாகும். மேலும் நியாய நூலார்க்கு ஆகாசம் தோற்றமில்லாதது. அதனைப் படைக்கப்பட்டது என்பது நிறுவப்பட வேண்டிய கூற்றேயன்றி, நிறுவாமல் கூறத்தக்கதன்று. மூலத்தில் எளிய முன்னுரையாக அமைந்தது, பெயர்ப்பில் ஐந்து பிழைகளை உடைய பூதவியல் கூற்றாக மாறிவிடுகின்றது.

இதற்குப் பாலன்டைன் கண்ட வழி, சொல்லை மாற்றுவதோடு அமையாமல் உரை எழுதுவதாகும். இந்திய மரபில் மூலத்தைக் காப்பது உரை. பண்டிதரும் உரையின்றி நூல் பயில்வதில்லை. இன்றைய மொழிபெயர்ப்பியலார் அடிக்குறிப்பின் இடம் பற்றி விவாதிக்கும்போது இம்முன்மாதிரியை நினைவிற் கொள்ளலாம். தமிழ்ப் பெயர்ப்புகளிலும் இதே இடத்தில் வேறுபாடு காணப்படுவது ஒப்புநோக்கத்தக்கது. 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பு வானம், பூமி என்னும் சொற்களையும் சிருஷ்டித்தல் என்னும் வினையையும் ஆண்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் விண்ணுலகு, மண்ணுலகு என்னும் சொற்களையும் படைத்தல் என்னும் வினையையும் ஆள்கின்றது. உலகு என்னும் பின்னொட்டுச் சொல், பூதப் பொருளை விலக்கி இடப்பொருளை நிறுத்துகின்றது.

8. நீலகண்டரின் இரண்டாம் நூல்

மியூரை மறுத்த நீலகண்டர், காசியிலிருந்த வில்லியம் ஸ்மித் என்னும் மறைப்பணியாளரோடு தொடர்ந்து வாதிட்டு வந்தார். இறுதியில் 1848இல் ஜான்பூரில் திருமுழுக்குப் பெற்று நெகேமியா என்னும் பெயர் கொண்டார். இம்மாற்றத்தைத் தருக்கத்தின் வெற்றி என்று கூறுவாரும், மனமாற்றம் தருக்கத்திற்கு அப்பாற்பட்டது என்று கூறுவாரும் உளர். மொழி வரலாற்றில் நமக்கு வேண்டுவது, அவர் தம் பயிற்சியைக் கைவிடவில்லை என்பதே. 1860இல் அவர் ஷட்தர்சன தர்ப்பணம் என்னும் நூலை வெளியிட்டு ஆறு தரிசனங்களையும் கிறித்தவ நோக்கில் மறுத்தார். அந்நூல் இந்தியில் எழுதப்பட்டது. பண்டிதர்க்கு மட்டும் உரியதாயிருந்த தருக்கம் அன்றாட மொழியின் உரைநடைக்கு இறங்கி வந்ததற்கு இஃது ஒரு சான்று.

அந்நூலை ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால் என்னும் அமெரிக்க வடமொழியறிஞர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1862இல் கல்கத்தாவில் வெளியிட்டார். இவரே பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குப் பல ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்தவர். மியூர் ஆங்கிலக் கருத்தை வடமொழிக்குக் கொண்டு சென்றார். ஹால் வடமொழிக் கலைச்சொல் நிறைந்த இந்தி வாதத்தை ஆங்கிலத்திற்குக் கொண்டு சென்றார்.

வேதாந்தத்தைப் பற்றிய நீலகண்டரின் வாதம் சொற்பொருளியல் நோக்கில் சிறப்புடையது. வேதாந்திகள் உண்மைநிலையைப் பாரமார்த்திகம், வியாவகாரிகம், பிராதிபாசிகம் என மூன்றாகப் பகுப்பர். உள்ளது என்னும் ஒரே சொல் இம்மூன்றிலும் ஒரு பொருளில் வழங்குகின்றதா, பல பொருளிலா என்பதே நீலகண்டரின் வினாவின் சாரம். ஒரு பொருளாயின் மூன்று பகுப்பு நில்லாது. பல பொருளாயின் உலகு உள்ளது என்பதும் இல்லது என்பதும் ஒரே வாயால் கூறப்படும். மியூர்க்கு எட்டாதிருந்த இடத்தை நீலகண்டர் எட்டினார். சொற்களை வெளியிலிருந்து கொணராமல், மாற்றாரின் சொற்களுக்குள் நின்று அவற்றின் பொருள் நெகிழ்ச்சியைச் சுட்டியதே அதற்குக் காரணம். பிறர் மதம் ஏற்றுக் களைதல் என நன்னூல் கூறும் முறை இது. அவ்வாறு களைவதற்கு அம்மதத்தை உண்மையிலேயே ஒருகாலத்தில் ஏற்றிருந்தவர் அவர்.

மியூரின் பிற்கால வரலாறும் ஈண்டு இணைத்து எண்ணத்தக்கது. 1853இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், வடமொழி மூலப் பகுதிகளைத் தொகுத்துப் பெயர்த்து ஐந்து தொகுதிகளாக 1858 முதல் 1870 வரை வெளியிட்டார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1862இல் வடமொழிப் பேராசிரியர் பதவியை நிறுவினார். காப்புரைக்காகத் தொடங்கிய கல்வி, நாளடைவில் மூலநூல்களை அவற்றின் பொருட்டே ஆராயும் கல்வியாக முதிர்ந்தது. மறுப்பதற்காகக் கற்றவர் கற்பதற்காகக் கற்றவராயினார்.

9. முடிவுரை

இவ்விவாதத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் பெறத்தக்க கருத்துகள் சில உள.

தருக்க நூலில் கலைச்சொல் தனித்து இடம்பெயர்வதில்லை. தான் பிறந்த முறைமையின் முற்கோள்களையும் உடன் கொணர்கின்றது. பாவம் வினையைக் கொணர்ந்தது. சிருஷ்டி முதற்காரணத்தைக் கொணர்ந்தது. ஆகாசம் ஐம்பூதத்தைக் கொணர்ந்தது. ஆகவே நேர்ச்சொல் உளதா என்னும் வினாவோடு, அச்சொல் எந்த வாக்கியங்களை உண்மையெனக் கொள்ளச் செய்கின்றது என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும்.

அன்றியும், மாற்றாரின் மொழியில் வாதிடுபவர் அம்மொழி தரும் ஆயுதங்களை அவர்க்கும் தந்துவிடுகின்றார். அறிவின் பொதுமன்றத்திற்கு ஒருவரை அழைத்தபின், அவர் வினவும் வினாக்களுக்கு வரம்பிட இயலாது. நீலகண்டரின் வினாக்கள் அவர் சமயம் மாறிய பின்னும் வினாக்களாகவே எஞ்சி நிற்கின்றன. பிரம்மபாந்தவ உபாத்தியாயர் (1861–1907) தாமஸ் அக்குவினாசின் மெய்யியலை வேதாந்தச் சொற்களால் கூற முயன்று, மூவொரு இறைவனைச் சச்சிதானந்தம் எனப் போற்றி 1898இல் வடமொழிப் பாடல் இயற்றியதும், பழைய சொற்களோடு நடந்த இவ்வுரையாடலின் தொடர்ச்சியே.

இத்தகைய விவாதங்கள் இரு தரப்பின் மொழியையும் வளப்படுத்தியுள்ளன என்பதும் மறக்கத்தக்கதன்று. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் விவிலியப் பெயர்ப்புப் பணியில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டு விவிலியச் சான்றுகளைக் கொண்டே சைவ வழிபாட்டைக் காத்தார். தமிழ் உரைநடையின் வாதத் திறன் அத்தகைய நூல்களால் உரம் பெற்றது. மியூரும் பண்டிதர் மூவரும் ஒருவரையொருவர் இணங்கச் செய்யவில்லை. எனினும் சமயங்களை ஒப்பிட்டுப் பேசுவதற்கு இன்று நாம் கையாளும் மதம், சான்று, படைப்பு, நம்பிக்கை முதலிய சொற்களின் பொருளெல்லைகள், அவர்களைப் போன்றோர் நிகழ்த்திய விவாதங்களிலேயே பெரிதும் வரையப்பட்டன. அச்சொற்களை ஆளும் மொழிபெயர்ப்பாளர், ஒவ்வொன்றிற்கும் பின்னே முடிவுறாத வழக்கு ஒன்று இருப்பதை அறிந்து ஆளுதல் நலம்.